மரபணுவும் மில் தூசியும்

ஒரே கூரையின் கீழ் வளர்ந்து, ஒரே பானைச் சோற்றை உண்ட இரு சகோதரர்களில் ஒருவருக்குக் காசநோய் வருகிறது, மற்றவருக்கு வருவதில்லை. ஒரே நூற்பாலையின் ஒரே பிரிவில் இருபது ஆண்டுகள் உழைத்த இரு பெண்களில் ஒருவர் நான்கு படி ஏறுவதற்குள் மூச்சிரைத்து நிற்கிறார். மற்றவர் ஆலையை விட்டு வந்த பிறகும் வயலில் இறங்கிக் களை எடுக்கிறார். இந்த வேறுபாட்டை நம் முன்னோர் 'உடல்வாகு' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கினர். அந்தச் சொல்லில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்ற கேள்விக்கு அறிவியல் இன்று ஓரளவு தெளிவாகவே விடை கூறுகிறது. அந்த விடையை எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்பது அறிவியலை மட்டும் சார்ந்ததல்ல. பொருளியலையும் நீதியையும் சார்ந்தது.

திண்டுக்கல் வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பூட்டு, சுருட்டு, தோல் பதனிடுதல் ஆகியவற்றால் ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த இவ்வூரைச் சுற்றி, கடந்த சில பத்தாண்டுகளில் நூற்பாலைகள் பெருகிவிட்டன. வேடசந்தூர், வடமதுரை சாலைகளில் பயணிப்போர் பணியாளர்களை ஏற்றிச் செல்லும் மில் பேருந்துகளைக் காணாமல் இருக்க முடியாது. புகையிலை பயிராகும் மண். பஞ்சு நூலாகும் ஆலைகள். இன்னும் சில வீடுகளில் எரியும் விறகு அடுப்புகள். எங்கும் முற்றிலும் ஒழியாத காசநோய். நுரையீரலைச் சோதிக்கும் அத்தனை காரணிகளும் இந்தச் சமவெளியில் ஒன்றுகூடியுள்ளன.

முதலில், பிறப்பிலேயே நமக்கு வந்து சேரும் பங்கு எது என்பதைப் பார்ப்போம்.

நம் உடலின் செல்கள் தமக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துணுக்குகளைத் தம் வெளிப்பரப்பில் எடுத்துக்காட்டியபடி இருக்கின்றன. சுற்றிவரும் வெள்ளையணுக்கள் அவற்றைப் பரிசோதிக்கின்றன. காட்டப்படுவது நம்முடையதாக இருந்தால் கடந்து செல்கின்றன. அந்நியக் கிருமியின் துணுக்காக இருந்தால் போர் தொடங்குகிறது. அந்தத் துணுக்கை ஏந்திக் காட்டும் தட்டுதான் எச்.எல்.ஏ. எனப்படும் புரதம். இதற்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் கொத்தாக அமைந்துள்ளன. 1958-இல் இவற்றில் முதலாவதை அடையாளம் கண்ட பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே, 1980-இல் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தத் தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒருவரின் தட்டில் கச்சிதமாகப் பொருந்தும் கிருமித் துணுக்கு, மற்றொருவரின் தட்டில் பொருந்தாமல் நழுவிவிடும். தாயிடமிருந்து ஒரு தொகுப்பும் தந்தையிடமிருந்து ஒரு தொகுப்புமாக நாம் இவற்றைப் பெறுகிறோம். எனவே, உடன்பிறந்த இருவருக்கு இரு தொகுப்புகளும் ஒன்றாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஒரே பானைச் சோறு உண்ட சகோதரர்களும் கிருமியை எதிர்கொள்ளும் விதத்தில் வேறுபடுவதற்கு இது ஒரு காரணம்.

இந்தப் பன்மையை இயற்கையின் குறை என்று கருதக்கூடாது. எல்லோருக்கும் ஒரே வடிவத் தட்டு இருந்தால், அதில் பொருந்தாத ஒரே ஒரு கிருமி ஊரையே காலி செய்துவிடும். ஒருவருக்குப் பலவீனமாக அமைவது வேறொரு நோயின்போது அவருக்கே பலமாக அமையலாம்.

இத்துறையில் தமிழகத்தின் பங்களிப்பு குறிப்பிடத்தக்கது. திண்டுக்கல்லில் இருந்து ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆர்.எம். பிச்சப்பன் 1980-களிலேயே தமிழக மக்களிடையே காணப்படும் எச்.எல்.ஏ. வகைகளை ஆராயத் தொடங்கினார். நுரையீரல் காசநோய்க்கும் இம்மரபணுக்களுக்கும் உள்ள தொடர்பு குறித்து அவரது குழு தென்னிந்திய நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1991-இல் வெளியானது. டி.ஆர்.2 என்னும் வகை நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்பட்டது. அதற்கு முன்பே, 1983-இல், ஒன்றுக்கு மேற்பட்டோர் காசநோய்க்கு ஆளான வடஇந்தியக் குடும்பங்களை ஆராய்ந்த தில்லி அறிவியலாளர்களும் இதே வகையைச் சுட்டியிருந்தனர். சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இத்தகைய ஆய்வுகளை மேற்கொண்டது.

ஆனால் 'கூடுதலாகக் காணப்பட்டது' என்பதற்கும் 'நோயை உண்டாக்கியது' என்பதற்கும் இடையே பெரும் தொலைவு இருக்கிறது. டி.ஆர்.2 உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காசநோய் வருவதே இல்லை. அந்த வகை இல்லாதவர்கள் பலருக்கு வருகிறது. காசநோய்க் கிருமி உடலில் புகுந்த நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேர் வரைதான் வாழ்நாளில் எப்போதாவது நோயாளி ஆகின்றனர். அந்தச் சிலர் யார் என்பதை முடிவு செய்வதில் மரபணுவோடு ஊட்டக்குறைவும் நீரிழிவும் புகைப்பழக்கமும் காற்றோட்டமற்ற குடியிருப்பும் பங்கேற்கின்றன.

வரலாற்றில் நிகழ்ந்த ஒரு பெருந்துயரம் இதைக் கசப்பாக மெய்ப்பித்தது. ஜெர்மனியின் லூபெக் நகரில் 1929 இறுதியிலும் 1930 தொடக்கத்திலும் ஏறத்தாழ 250 பச்சிளம் குழந்தைகளுக்கு வாய்வழியாக பி.சி.ஜி. தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது. ஆய்வகத்தில் நேர்ந்த தவறால் அதில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்திருந்தது. 70-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. ஆனால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்தன. உயிரினத்தின் உள்ளார்ந்த எதிர்ப்பாற்றலுக்கு இது சான்று என்று நெடுங்காலம் எடுத்துக்காட்டப்பட்டது. பின்னர் ஆவணங்களை மீண்டும் ஆராய்ந்தபோது மற்றோர் உண்மையும் தெரியவந்தது. எல்லாப் புட்டிகளிலும் கிருமியின் அளவு ஒன்றாக இல்லை. கூடுதல் கிருமியை விழுங்கிய குழந்தைகளே கூடுதலாக நோயுற்றன. எதிர்ப்பாற்றலும் உண்மை, உட்கொண்ட நஞ்சின் அளவும் உண்மை. இவ்விரண்டில் மனிதர் கையில் இருந்தது இரண்டாவது மட்டுமே.

காசநோயில் கண்ட இதே உறவு பஞ்சாலையிலும் இருக்கிறது.

பஞ்சோடு செடியின் இலைத் துணுக்குகளும் காய்ந்த பூவடிச் செதில்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவற்றில் வளர்ந்த பாக்டீரியாக்களின் மேலுறையிலிருந்து எண்டோடாக்சின் என்ற நச்சு தூசியோடு கலக்கிறது. பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூமிலும், சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவிலும் இத்தூசி மிகுதி. நுரையீரலுக்குள் செல்லும் எண்டோடாக்சினை அங்குள்ள காவல் செல்கள் அடையாளம் கண்டு, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. மூச்சுக்குழல் இறுகுகிறது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுக்கமாகத் தொடங்கும் இந்நோய்க்கு பைசினோசிஸ் என்று பெயர். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் 'திங்கட்கிழமை மார்பிறுக்கம்' என்ற அளவுக்கு அது பழகிப்போயிருந்தது. தொடக்கத்தில் ஒரு நாள் வந்துபோகும் இறுக்கம், ஆண்டுகள் செல்லச் செல்ல வாரம் முழுவதும் நீடித்து, இறுதியில் மீளாத மூச்சடைப்பாக நிலைத்துவிடுகிறது.

எண்டோடாக்சினை அடையாளம் காணும் ஏற்பியும், டி.என்.எஃப். சுரக்கும் அளவும் மரபணுவால் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. சீனாவின் ஷாங்காய் நகரில் 1981-இல் தொடங்கி, பருத்தி ஆலைத் தொழிலாளர்களையும் ஒப்பீட்டுக்காகப் பட்டு ஆலைத் தொழிலாளர்களையும் ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். பருத்தித் தொழிலாளர்களின் மூச்சுத்திறன் கூடுதலாகக் குறைந்தது. டி.என்.எஃப். மரபணுவின் சில மாற்று வடிவங்களைப் பெற்றவர்களிடம் எண்டோடாக்சினின் பாதிப்பு வேறுபட்டது. அதே ஆய்வு கூறிய மற்றொரு செய்தி கூடுதல் முக்கியத்துவம் வாய்ந்தது: ஆலையை விட்டு விலகியபின் மூச்சுத்திறன் குறையும் வேகம் தணிந்தது, சிலருக்கு ஓரளவு மேம்படவும் செய்தது. அவர்களுடைய மரபணு மாறவில்லை. சுவாசித்த காற்றுதான் மாறியது.

இங்குதான் பொருளியல் நுழைகிறது. 'சிலருக்குப் பிறவியிலேயே நுரையீரல் எளிதில் பாதிக்கப்படும்' என்ற அறிவு ஓர் ஆலை நிர்வாகத்தின் முன் இரு வழிகளைத் திறக்கிறது. ஒன்று, தூசியைச் சலிப்பது. மற்றொன்று, தொழிலாளரைச் சலிப்பது. முதல் வழிக்கு உறிஞ்சு குழாய்களும் வடிகட்டிகளும் பராமரிப்பும் தேவை, செலவு நிர்வாகத்துடையது. இரண்டாவது வழிக்கு வேலைக்குச் சேரும்போது ஒரு சோதனை போதும். செலவு, வேலை கிடைக்காதவருடையது.

இது வெறும் கற்பனை அச்சமல்ல. அணு, விண்வெளித் தொழில்களில் பயன்படும் பெரிலியம் என்ற உலோகத் தூசியால் நாள்பட்ட நுரையீரல் நோய் உண்டாகிறது. 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு குறிப்பிட்ட எச்.எல்.ஏ. வடிவம் நோயாளிகளில் கிட்டத்தட்ட அனைவரிடமும் இருந்தது. நோயற்ற தொழிலாளர்களிலோ சுமார் 30 விழுக்காட்டினரிடம் இருந்தது. இவ்வளவு வலுவான தொடர்பு மருத்துவத்தில் அரிது. உடனே, இச்சோதனையைப் பணி நியமனத்துக்குப் பயன்படுத்தலாமா என்ற விவாதம் அமெரிக்காவில் எழுந்தது.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். விளக்கத்துக்காக, ஆயிரம் தொழிலாளர்களில் 320 பேருக்கு அந்த மரபணு வடிவம் இருப்பதாகவும், நாளடைவில் 40 பேர் நோயுறுவதாகவும், அவர்களில் 38 பேர் அந்த வடிவம் கொண்டவர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 320 பேரையும் வாயிலிலேயே திருப்பி அனுப்பினால் 38 பேர் நோயிலிருந்து தப்புவர். ஒருபோதும் நோயுறப்போகாத 282 பேர் வேலையை இழப்பர். உள்ளே சென்றவர்களில் இருவர் நோயுறுவர். மிக வலுவான மரபணுத் தொடர்புக்கே கணக்கு இப்படி என்றால், பைசினோசிஸ், காசநோய் போன்றவற்றில் காணப்படும் மெலிந்த தொடர்புகளை வைத்துத் தனி மனிதரின் தலைவிதியை எழுதுவது எத்தனை பிழையானது என்பது விளங்கும்.

தொழிலாளரைச் சலிக்கும் வேலை, மரபணுச் சோதனை இல்லாமலே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் நாம் உணர வேண்டும். மூச்சு முட்டுபவர் தாமாகவே வேலையை விட்டு நின்றுவிடுகிறார். எஞ்சியிருப்போர் தூசியைத் தாங்கும் உடல் கொண்டவர்கள். அவர்களை மட்டும் பரிசோதித்தால், ஆலையில் நோயே இல்லை என்ற மயக்கம் உண்டாகும். இதைத் தொழில்சார் மருத்துவம் 'நலமான தொழிலாளர் விளைவு' என்கிறது. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்து சென்ற இளம்பெண்களும், வடமாநிலங்களிலிருந்து வந்து திரும்பும் தொழிலாளர்களும் நிறைந்த ஆலைகளில் இந்த மயக்கம் இன்னும் பெரிது. நோய் முற்றும்போது அவர்கள் ஆலையின் பதிவேட்டில் இருப்பதில்லை. ஏதோ ஒரு கிராமத்தில் 'ஆஸ்துமா' என்று எழுதப்பட்ட மருந்துச் சீட்டோடு இருப்பார்கள். நூலின் விலையில் சேராத அந்தச் செலவைக் குடும்பமும் அரசு மருத்துவமனையும் சுமக்கின்றன. பொருளியலில் இதற்குப் புறவிளைவுச் செலவு என்று பெயர்.

முதல் வழி சாத்தியமே என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்கா 1978-இல் பருத்தித் தூசிக்கு உச்சவரம்பு விதித்தது. நூல் தயாரிப்புப் பிரிவில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் தூசி இருக்கக் கூடாது. செலவுக்கும் பயனுக்கும் கணக்குப் பார்த்த பின்பே இத்தகைய விதியைக் கொண்டுவர வேண்டும் என்று ஆலை அதிபர்கள் வழக்காடினர். நடைமுறையில் சாத்தியமான அளவுக்குத் தொழிலாளரின் உடல்நலத்தைக் காக்க வேண்டும் என்றே சட்டம் கூறுகிறது. அத்தகைய கணக்கு கட்டாயமில்லை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1981-இல் தீர்ப்பளித்தது. ஆலைகள் இயந்திரங்களைப் புதுப்பித்தன, தூசி குறைந்தது, செலவு முன்பு மதிப்பிடப்பட்டதைவிடக் குறைவாகவே ஆனது. செலவு-பயன் கணக்கைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: யாருடைய செலவு, யாருடைய பயன் என்று கேட்காத கணக்கு அரைகுறைக் கணக்கே.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பைசினோசிஸ் நோயை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதைக் கண்டறியும் மருத்துவர் தகவல் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் அதைத் தொழில்சார் நோயாக ஏற்றிருந்தது. ஆனால் இந்நோயை எக்ஸ்-ரே பெரும்பாலும் காட்டிக்கொடுப்பதில்லை. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும், 'விடுமுறைக்குப் பிறகு முதல் நாள் எப்படி இருக்கிறது?' என்ற ஒரு கேள்வியும் வேண்டும். அந்தக் கேள்வி கேட்கப்படாதவரை நோய் பதிவாகாது. பதிவாகாத நோய்க்கு இழப்பீடும் கிடைக்காது.

காசநோயிலும் இதே பாடம்தான். ஜார்க்கண்டில் நடத்தப்பட்டு 2023-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், நோயாளிகளின் வீடுகளில் வாழும் 10,000-க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவுக் குடும்பங்களில் அனைவருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. மற்றப் பிரிவில் நோயாளிக்கு மட்டும் வழங்கப்பட்டன. குடும்பம் முழுவதும் உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய்க்கு ஆளாவோர் 39 விழுக்காடு குறைந்தனர். நோயாளியின் உடன்பிறப்புகளும் பிள்ளைகளும் அவரது மரபணுவில் பங்குடையவர்கள். அவரது இருமலுக்கு அருகில் உறங்குபவர்கள். அந்த இரண்டும் மாறாதபோதும், அரிசியும் பருப்பும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கின.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இவ்வகையில் பாராட்டத்தக்கது. நோய் உறுதியானவுடனேயே எடை, உயரம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, ஆபத்தில் உள்ளோரை உள்நோயாளியாகச் சேர்க்கும் திட்டம் அது. யாருடைய உயிர் ஆபத்தில் உள்ளது என்பதை அறிய அங்கு மரபணு ஆய்வகம் தேவைப்படவில்லை, எடைக்கருவி தேவைப்பட்டது.

அப்படியானால் மரபணு ஆய்வு வீணா? இல்லவே இல்லை. எந்தத் தடுப்பூசி எந்த மக்களிடம் பலன் தரும், எந்த மருந்து யாருக்கு ஒவ்வாது, அழற்சியை எங்கே தடுத்து நிறுத்தலாம் என்பவற்றை அந்த ஆய்வுகளே சொல்ல வேண்டும். 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதித் தரவுகள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருப்பது நல்ல தொடக்கம். ஆனால் தரவு பெருகும்போது காப்பும் பெருக வேண்டும். மரபணுக் கோளாறு என்று கூறிக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று தில்லி உயர்நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமும் அதையொட்டி அறிவுறுத்தல் வழங்கியது. அமெரிக்காவில் வேலைவாய்ப்பிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்க 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வேலைக்கு ஆள் எடுப்பதில் அத்தகைய வெளிப்படையான தடை நம் நாட்டிலும் தேவை. அகமண வழக்கம் வேரூன்றிய நம் சமூகத்தில், ஒரு மரபணு வகையை ஒரு சாதியோடு முடிச்சுப் போட்டு, 'இவர்கள் நோஞ்சான்கள்' என்று முத்திரை குத்தும் ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு சமூகத்துக்குள்ளும் காணப்படும் வேறுபாடு, சமூகங்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிது என்பதை மறந்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை எளியவை. பணியில் சேரும்போதும் அதன்பின் ஆண்டுதோறும் ஒவ்வொரு நூற்பாலைத் தொழிலாளருக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை நடத்தி, முடிவின் நகலை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். வேலையை விட்டுச் சென்றவர்களையும் சில ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். புளோ ரூம், கார்டிங் பிரிவுகளின் தூசி அளவு ஆலை வாயிலில் அறிவிக்கப்பட வேண்டும். மூச்சுத்திறன் குறைபவரை வேலையிலிருந்து நீக்காமல், ஊதியம் குறையாமல் தூசி குறைந்த பிரிவுக்கு மாற்ற வேண்டும். காசநோயாளிக்கு மட்டுமன்றி, அவர் குடும்பத்துக்கும் ஊட்ட உணவு வழங்க வேண்டும். குடும்பத்தில் காசநோயோ மூச்சடைப்போ இருந்ததாகச் சொல்பவரை ஒதுக்குவதற்காக அன்றி, முன்னதாகவே கவனிப்பதற்காக அந்தத் தகவலைப் பயன்படுத்த வேண்டும்.

பெற்றோரைத் தேர்ந்தெடுத்துப் பிறந்தவர் எவருமில்லை. தொழிலாளர் தம் நுரையீரலைப் பிறப்பில் பெற்று வருகிறார். அதற்குள் செல்லும் காற்றை ஆலை தருகிறது. பலவீனமான நுரையீரல் கொண்டவரும் நலமாக மூச்சுவிடும் அளவுக்கு அந்தக் காற்றைத் தூய்மைப்படுத்தினால், வலுவானவர்களுக்கும் அது நன்மையே செய்யும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (பணி நிறைவு).